மதுரையே இருக்கட்டும்

இருபது நிமிஷத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது, மீறினால் மூஞ்சியில் பூசின பேக் கோடு கோடாக வெடிக்கும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க என்று பார்லர்க்கார ஜான்சி கறாராகச் சொல்லிவிட்டு, மங்கையர்க்கரசியின் இரண்டு கண்ணிலும் பன்னீரில் நனைத்த பஞ்சை வைத்து மூடினாள். அதற்கு அரை நிமிஷம் முன்னால்தான் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கிடந்த சிந்துஜா, அடுத்த மாதம் மங்கையின் தம்பி தயாளனுக்குக் கழுத்தை நீட்டப்போகிற சிந்துஜா, போகிற போக்கில் சொல்வதுபோல அதைச் சொன்னாள். "மதுரையே இருக்கட்டும் அண்ணி. அங்க நான் ஒரு ஆளைப் பாக்கணும். பேக் எடுத்ததும் சொல்றேன்." அவ்வளவுதான். அவள் வாயைச் சுற்றியும் ஜான்சி பச்சைக் குழம்பைப் பூசிவிட்டாள். யாரு, எந்த ஆளு, எதுக்கு என்று கேட்க மங்கைக்கு நாக்கு துடித்தது. கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, பெரம்பூரில் மாடியில் ஒரு பார்லர், ஏசி சத்தம், இரண்டு பெண்கள் மூஞ்சியில் சேறு பூசிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறார்கள், அதில் ஒருத்திக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இதற்கு அழகு நிலையம் என்று பெயர்.

ஆளாம் ஆளு. மதுரையில் இருபது லட்சம் பேர் இருக்கட்டும், முப்பது லட்சம் பேர் இருக்கட்டும், மங்கைக்குத் தெரிந்து அந்த ஊரில் ஒரே ஒருத்திதான் குடியிருந்தாள். கே.கே. நகரில் மாடி வீடு, வாசலில் செம்பருத்தி, மெல்லிய கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, பிருந்தா. மூன்று வருஷம் முன்னால் இதே தயாளனுக்குப் பேசி, நிச்சயம் பண்ணி, தட்டு மாற்றி, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு நின்றுபோனதே ஒரு கல்யாணம், அந்தக் கல்யாணத்தின் பெண். அவளைத் தவிர வேறு யாரை இவள் பார்க்கப் போகிறாள்? ஆனால் இவளுக்கு எப்படித் தெரியும்? பெண் பார்க்கப் போனபோது அம்மா ஒளிக்கவில்லை, பெரிய நியாயவாதி மாதிரி தானே எடுத்துச் சொன்னாள், முன்னாடி ஒரு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சுங்க, அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல விருப்பமாம், நம்ம புள்ளதான் பாவம் மனசு ஒடைஞ்சுட்டான். ஊர் பேரைச் சொன்னாளா? மதுரை என்று சொன்னாளா, தெற்கத்திப் பக்கம் என்று சொன்னாளா? மங்கை அப்போது கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிந்துஜாவின் அம்மா மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கத்திப் பக்கம். இல்லை, மதுரைப் பக்கம். தெற்கு என்றுதான் சொன்னாள் என்று ஒரு நிமிஷம் நிச்சயமாகத் தோன்றும், அடுத்த நிமிஷமே அம்மா வாயில் மதுரை என்று வருவது அப்படியே காதில் கேட்கும். நெற்றியில் பேக் இறுக ஆரம்பித்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் யார் அடிபோட்டது என்று பார்த்தால் சிந்துஜாவின் சிநேகிதிகள், மெர்லினும் ஆஃப்ரீனும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் ஊர் சுற்ற வேண்டுமாம், பேச்சிலரெட் பார்ட்டியாம், இப்போது எல்லாரும் செய்கிறார்களாம். கேட்டதும் அம்மா, ஊர் சுத்தறதுக்கு ஒரு பேர் வேறயாடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிந்துஜாவின் அம்மா புத்திசாலி, நாத்தனார் கூடப் போனா போ, இல்லாட்டி வீட்ல கெட என்று முடித்துவிட்டாள். அப்படித்தான் முப்பத்தாறு வயசு வரைக்கும் கல்யாணமாகாத மங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரிபார்த்துக் கொடுக்கிற மங்கை, நாலு பேர் கொண்ட வாட்ஸப் குழுவில் சேர்க்கப்பட்டாள். குழுவுக்குப் பேர் 'சிந்துவின் கடைசி ரெண்டு நாள்'. அபசகுனம் பிடித்த பேர், யார் வைத்தார்களோ. சேர்ந்தாளோ இல்லையோ, எல்லாப் பொறுப்பும் இவள் தலையில் வந்து விழுந்தது, அக்கா நீங்களே பிளான் போடுங்கக்கா, உங்களுக்குத்தான் பொறுமை. இவளும் வேலை மெனக்கெட்டுப் போட்டாள். கொச்சி என்றாள், படகு, மீன், கடற்கரை. மழை என்றாள் சிந்துஜா. பாண்டிச்சேரி என்றாள். எல்லாரும் போறதுதானே என்றாள். பெங்களூரு என்றாள், ஏற்காடு என்றாள், வெட்கத்தை விட்டு மகாபலிபுரம் என்றுகூடச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், மதுரைக்குப் போலாம், மதுரை செம ஊரு அண்ணி, விடிய விடிய முழிச்சிட்டிருக்கும், கறி தோசை, ஜிகர்தண்டா, மல்லி, நாலு பேரும் ஒரே கலர்ல சுங்குடிச் சேல கட்டிக்கிட்டு மாசி வீதியில நடக்கலாம், மெர்லின் மணப்பெண்ணுன்னு எழுதுன பட்டைய எனக்குத் தோள்ல போட்டுவிடுவா, ஊரே பாக்கட்டும். எந்தப் பெண்ணாவது இதற்கென்று மதுரைக்குப் போவாளா? சொல்லுங்கள், மெனக்கெட்டு மதுரைக்கு? அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்துதான் இருந்தது. புரியாத மாதிரி ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் வரைக்கும் அக்கா அக்கா என்று கூப்பிட்டவள் இந்த வாரம் அண்ணி என்கிறாள். எதற்கு? நெருங்கி வருகிறாளா, நூல் விட்டுப் பார்க்கிறாளா? போன வெள்ளிக்கிழமை போனில், அவருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவார் அண்ணி என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், நடுவில் எதையோ மென்றுகொண்டிருந்தாள், முறுக்கோ கடலையோ. கட்டிக்கப்போற பொண்ணு கேக்கறதுதான் என்று இவளும் சிரித்து, சாப்பாட்டத் தொட மாட்டான், அவ்வளவுதான் என்றாள். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் ஒரு நொடி நின்றது. நின்றதா? நின்ற மாதிரிதான் இருந்தது. இன்றைக்கு இந்த ஃபேஷியல்கூட யாருடைய ஏற்பாடு? வாங்க அண்ணி, சேர்ந்து பண்ணிக்கலாம், எனக்கு டிரையல், உங்களுக்கு டிரீட்டு. நாத்தனாரைத் தாங்குகிற பெண்ணை ஊரில் எங்காவது பார்த்ததுண்டா? மூஞ்சியில் எதையாவது பூசி, கண்ணைக் கட்டி, வாயை அடைத்து, அந்தச் சொல்லை மட்டும் காதில் போட்டு இருபது நிமிஷம் ஊறவிட்டால் இவளே தானாகக் கக்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பாளோ. சீ, இருபத்தாறு வயசுப் பெண், அவ்வளவு சூது இருக்காது. ஏன் இருக்காது? பிருந்தாவை ஃபேஸ்புக்கில் பிடித்திருப்பாள், இப்போதெல்லாம் யாரையும் பிடித்துவிடலாம். ரெண்டு பேரும் மாசக்கணக்கில் பேசிக்கொண்டுகூட இருக்கலாம். அண்ணி எப்படி என்று இவள் கேட்டிருப்பாள். அண்ணியா, அவங்க பின் சீட்டுல உக்காந்திருந்தாங்க என்று அவள் சொல்லியிருப்பாள்.

பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தப் புடவை எடுக்க மதுரைக்குப் போன நாள். கடைக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடம், மத்தியானம், ஏசி ஓடுகிறது, தயாளன் ஓட்டுகிற சீட்டில், பக்கத்தில் பிருந்தா, பின்னால் மங்கை, மடியில் துணிப் பைகள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் உரசிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, பெயிண்ட் போனது. பிருந்தா சிரித்துவிட்டாள். கிண்டல்கூட இல்லை, பயந்தால் சிலருக்கு வருமே அந்தச் சிரிப்பு. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. இடது கையால், புறங்கையால், ஒரே அறை. கண்ணாடி பறந்து வந்து மங்கையின் கால்கிட்டே விழுந்தது. இங்கேதான் மங்கைக்கு எப்போதும் மனசு சிக்கிக்கொள்ளும், மூன்று வருஷமாக இங்கேயேதான் சிக்குகிறது. அவள் குனிந்தாள், கண்ணாடியை எடுத்தாள், வலது காது பக்கத்துக் கம்பி வளைந்திருந்தது, கடையில் தினம் பத்துப் பேருக்குச் செய்வதுபோல விரலால் அழுத்தி நிமிர்த்தினாள், முந்தானையில் துடைத்தாள், லென்ஸில் கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்த்தாள், அப்புறம் அந்தப் பெண் கையில் கொடுத்து, ஒண்ணுமில்லம்மா, கல்யாண டென்ஷன்ல இருக்கான் என்றாள். பிருந்தா வாங்கிப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு அவனைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி இவளைத்தான் பார்த்தாள். சண்டாளி, கீறல் இருக்கிறதா என்று பார்த்தாயே. அன்று சாயங்காலமே அவள் அப்பா போன் பண்ணி, சரிவராதுங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெரிய மனுஷர், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாததால் இவர்கள் ஒரு காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் காரணத்தைச் சொன்னது யாரு, அம்மாவா? இல்லை. ஊரெல்லாம் அம்மாதான் பரப்பினாள் என்றாலும் முதலில் அந்தச் சொல் வந்தது மங்கையின் வாயிலிருந்துதான். வியாசர்பாடி சித்தி போனில் குடைந்து குடைந்து கேட்டாள், ஏன்டி நின்னுச்சு, என்னதான்டி ஆச்சு, தயாளன் அப்போது கூடத்தில் டீவி பார்த்துக்கொண்டிருந்தான், டீவி சத்தத்தை மெல்லக் குறைத்தான், மங்கை சட்டென்று, அந்தப் பொண்ணுக்கு வேற யாரோ இருக்கான் போல சித்தி என்று சொல்லிவிட்டாள். டீவி சத்தம் மறுபடி ஏறியது. அவ்வளவு சுலபமாக ஒரு பெண்ணின் பேரைக் கெடுத்துவிடலாம், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அவன் எப்படி என்பது வேறு விஷயம். அதை விடு. வீடு அவன் பேரில் இருக்கிறது, அம்மாவுக்கு அவன்தான் சாமி, அக்கா உட்கார்ந்திருக்கத் தம்பிக்குக் கல்யாணமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இவளேதான் சிரித்துப் பதில் சொல்கிறாள். இந்தக் கல்யாணமும் நின்றால், இவளால் நின்றது என்று அவனுக்குத் தெரிந்தால், எங்கே போய் நிற்பது? கண்ணாடிக் கடை சம்பளத்துக்கு ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைக்கும். கிடைக்குமா? விசாரித்ததில்லை. பொய், ஒருமுறை விசாரித்தாள், அயனாவரத்தில், அட்வான்ஸ் கேட்டார்கள், வந்துவிட்டாள். அடுத்த மாதம் மேடையில் முதல் முடிச்சை அவன் போடுவான், மற்ற ரெண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டும். பின்னால் நின்று, சிந்துஜாவின் பின்னலை ஒதுக்கிவிட்டு, இந்த விரலால்தான் இறுக்க வேண்டும். லூசா போடாதடி, இறுக்கிப் போடு என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் மாறியிருக்கலாமே அவன். சிந்துஜாவோடு பேசும்போது குரலே வேறாக இருக்கிறது, பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றுகிற குரல். பிருந்தாவிடமும் அப்படித்தான் பேசினான். இல்லை, அது வேறு, அப்போது வேலையில் பிரச்சினை. அன்றைக்கு அந்தத் தூண் இல்லாமல் இருந்திருந்தால். தூணா அடித்தது? கன்னத்தில் பேக் காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது, மூக்கு ஓரத்தில் அரித்தது, சொறிய முடியவில்லை.

கண்ணாடி மேசையில் போன் அதிர்ந்தது. ஜான்சி எட்டிப் பார்த்து, "சிந்து, ஒனக்குத்தான்மா. தயான்னு வருது. எடுத்துக் காதுல வைக்கவா?" என்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்து வாய் திறக்காமல் ம்ஹூம் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. போன் அதிர்ந்து ஓய்ந்தது. எடுடி, என்றாள் மங்கை மனசுக்குள். மறுபடி அதிர்ந்தது. ஜான்சி சிரித்தாள், மாப்பிள்ளைக்கு ஒரு நிமிஷம் பொறுக்கலையே. ம்ஹூம். மூன்றாவது முறை. மங்கை எண்ணினாள், எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். மூன்று வரைக்கும் அவன் சாதாரணமாக இருப்பான், நாலாவதுக்கு எழுந்து நடக்க ஆரம்பிப்பான், ஐந்தாவதுக்கு மேல் எடுத்தாலும் குற்றம், எடுக்காவிட்டாலும் குற்றம். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? நாலு. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கிடக்கிறவள் அசையக்கூட இல்லை, மூச்சு சீராக வருகிறது, கால் விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் போல, கொலுசு மெல்லக் கிணுகிணுக்கிறது. ஐந்து. அது நின்றது. நிம்மதியாக ஒரு மூச்சு விடுவதற்குள் மங்கையின் கைப்பைக்குள் அவளுடைய போன் அடித்தது. பார்க்கத் தேவையே இல்லை, அந்தப் பாட்டை அவனுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறாள், எந்த அறையில் இருந்தாலும் ஓடிப்போய் எடுப்பதற்காக.

"அவனுக்குப் போன் பண்ணிடு சிந்து," என்றாள் மங்கை. பேக் வெடித்தது. "நீயே பேசிடும்மா, பேக் போட்டிருக்கேன்னு சொல்லிடு."

"அய்யோ மேடம், பேசாதீங்கன்னு சொன்னேனே," என்று ஜான்சி ஓடி வந்தாள்.

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டை மூடியபடியே சிரித்து, முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். "போச்சு, எனக்கும் வெடிச்சிருச்சு. இருக்கட்டும் அண்ணி, பத்து நிமிஷம் காத்துக் கெடக்கட்டுமே. ஒண்ணும் கொறஞ்சிட மாட்டாரு."

சிரிக்காதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. மங்கை பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கண் கூசியது. பச்சை முகத்தோடு, பல் தெரிய, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு எப்படிச் சிரிக்கிறாள் இவள்?

"அவ சொன்னது எல்லாம் நெஜம்," என்றாள் மங்கை.

"யாரு அண்ணி?"

"பிருந்தா. அவளைத்தானே பாக்கப்போற மதுரைல. அவ மேல எந்தத் தப்பும் இல்ல. வேற யாரோ இருந்தான்னு சொன்னது பொய், நான்தான் சொன்னேன். தயாளன் அவளை அடிச்சான். கார்ல, என் கண்ணு முன்னாடி. வண்டி தூண்ல உரசுனதுக்கு அவ சிரிச்சா, அதுக்கு அடிச்சான். மூக்குக்கண்ணாடி பறந்து போச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல. நீ அங்க போய்க் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என்னைக் கேவலமா நெனச்சுக்கோ, பரவால்ல."

கைப்பைக்குள் பாட்டு நின்றது. ஜான்சி தண்ணீர்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். சிந்துஜா கண்ணிலிருந்த பஞ்சை மெதுவாக எடுத்தாள், ஒன்று, அப்புறம் இன்னொன்று.

"எனக்கு எந்த பிருந்தாவையும் தெரியாது அண்ணி," என்றாள். "எங்கூட ஹாஸ்டல்ல இருந்த ஃபர்ஹானாவைப் பாக்கணும்னு சொன்னேன். ஏழு மாசம், டாக்டர் படுத்தே இருக்கணும்னுட்டாரு. கல்யாணத்துக்கு வர முடியாதுன்னு போன்ல அழுதா. அதான் நாமளே போய் அவ கட்டில் பக்கத்துல உக்காந்து கூத்தடிக்கலாம்னு."

ஃபர்ஹானா. படுக்கையில் கிடக்கிற ஒரு கர்ப்பிணிப் பெண். அவ்வளவுதானா? இதற்காகவா? யாரும் கேட்கவே இல்லையே, யாருக்கும் தெரியாதே, வாயை மூடிக்கொண்டு இன்னும் எட்டு நிமிஷம் கிடந்திருந்தால் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்திருக்குமே. அய்யோ, சொந்தத் தம்பி கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே, தமாஷுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா, பேக் அரிப்பில் உளறிவிட்டேன் என்றால் நம்புவாளா, இப்போதே சொன்னால், இந்த நிமிஷமே சொன்னால். சிந்துஜா சிரிக்கவில்லை, அழவும் இல்லை, இவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் இவள் கையைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்ததில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. மேசை மேல் அவளுடைய போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. இந்த முறை ஜான்சி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணி," என்றாள் சிந்துஜா, குரலைத் தாழ்த்தி. "உங்களை அடிச்சிருக்காரா?"

இதை யாரும் கேட்டதில்லை. கடையில் ஒருமுறை, கன்னத்துல என்னங்க என்று முதலாளி சம்சாரம் கேட்டாள், அது கன்னத்தைப் பற்றிய கேள்வி. சித்தி கேட்டதில்லை, பக்கத்து வீட்டில் கேட்டதில்லை.

"ஆமா," என்றாள்.

"இப்பவும்?"

"ஆடிப் பதினெட்டு அன்னைக்குத்தான், கடைசியா."

சிந்துஜா எழுந்து வந்து, வெடித்த பேக் பொடிப்பொடியாக மடியில் உதிர, இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "அத்தைக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்," என்றாள் மங்கை. "அம்மாதான் ஜன்னலைச் சாத்துவாங்க."